அம்மாவுக்கு கண்ணு நரம்புல ரத்தக்கசிவு, ஆராய்ச்சில சேர சொல்றாங்க. கையெழுத்து போடலாமா?

காசிமேட்டு பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் பெருசா இருக்கும், பொறுமையா படிங்க ப்ளீஸ். எங்க அம்மாவுக்கு 61 வயசு. விடியக்காலைல காசிமேட்டுல ஏலம் எடுத்து ராயபுரம் பக்கம் மீன் வித்துக்கினு இருக்காங்க, 35 வருஷமா இதான் வேலை. போன வாரம் ஒரு கஸ்டமர் கிட்ட சண்டை வந்துடுச்சு, எடை தப்பா சொல்றீங்கன்னு. அப்பதான் அம்மா சொன்னாங்க, எலக்ட்ரிக் தராசுல 450 கிராம்னு வந்தா 4 தெரியுது 0 தெரியுது நடுவுல இருக்க 5 மட்டும் காணோமாம். வீட்டு கிரில் கம்பி நெளிஞ்சு போய் தெரியுதாம். இது ஒரு மாசமா இருக்காம், எங்க கிட்ட வாயே தொறக்கல. இடது கண்ணுல ஏற்கனவே புரை, அதனால இந்த வலது கண்ண வெச்சுத்தான் எல்லாமே.

பெரிய கண் ஆஸ்பத்திரி ஒண்ணுக்கு கூட்டினு போனோம். ஓசிடின்னு கண்ணு நரம்ப ஸ்கேன் எடுத்தாங்க, அப்பால பச்சை டை ஊசி கைல போட்டு ஐசிஜின்னு ஒரு படம் எடுத்தாங்க. நோய் பேரு பிசிவின்னு சொன்னாங்க, பார்வை 6/36ன்னு எழுதி இருக்கு. கண்ணுக்குள்ள ஊசி போடணும்னு சொல்லிட்டு, கூடவே புது மருந்து ஒண்ணுக்கு ஆராய்ச்சி நடக்குது, அம்மா அதுக்கு பொருத்தமா இருப்பாங்க, சேர்றீங்களான்னு கேட்டாங்க. 24 பக்கம் தமிழ்ல குடுத்துருக்காங்க. பாதி பேருக்கு இப்ப இருக்க ஊசி, பாதி பேருக்கு புது ஊசி, யாருக்கு எதுன்னு டாக்டருக்கே தெரியாதாம். 2 வருஷம், மாசாமாசம் வரணும். எல்லாம் இலவசம், வழிச்செலவும் தருவாங்க.

எனக்கு வயித்த கலக்குறது ரெண்டு விஷயம். ஒண்ணு, அந்த பாரத்துல நாமினி பேரு, உறவுமுறை, அம்மாவோட வருஷ வருமானம் எல்லாம் கேட்டுருக்கு. கண்ணு ஊசிக்கு எதுக்கு நாமினி? ரெண்டாவது, இப்பவே சாதா ஊசி போட்டுக்கினா அப்புறம் ஆராய்ச்சில சேர முடியாதாம். திங்கள்கிழமைக்குள்ள சொல்லணும். எங்க சித்தி வந்து எலிக்கு போட்டு பாக்குறத உனக்கு போட்டு பாப்பானுங்கன்னு சொல்லிட்டு போய்ட்டாங்க, அதுலேர்ந்து அம்மா சோறே சரியா சாப்புடல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வண்ணை சேகர்:

தங்கச்சி பயப்படாதமா. எங்க அப்பா சக்கரை நோயாளி, அவருக்கு மாக்குலால, அதான் கண்ணு நரம்போட நடு பகுதில, நீர் கோத்துக்கினு ஒரு ஆராய்ச்சில சேந்தாரு, ஒண்ணரை வருஷம் போனோம். நம்ம ஊர்ல சக்கரை இருக்கறவங்க கண்ண பத்தி ரெண்டு பெரிய சர்வே எடுத்துருக்காங்க, க்யூர்ஸ்னு ஒண்ணு, சங்கர நேத்ராலயா எடுத்த எஸ்என் ட்ரீம்ஸ்னு ஒண்ணு. ரெண்டுலயும் சக்கரை இருக்கறவங்கள்ல 100க்கு ஏறக்குறைய 18 பேருக்கு கண்ணு நரம்பு பாதிச்சிருக்குன்னு வந்துச்சு. அந்த மாதிரி யாரோ தெருத்தெருவா வந்து கணக்கு எடுத்ததாலதான் இன்னைக்கு சக்கரை டாக்டர் முதல்ல கண்ண காட்டினியான்னு கேக்குறாரு.

ஆனா ஒண்ணு, நாள் முழுக்க போய்டும். காலைல 8 மணிக்கு உள்ள போனா சார்ட் படிக்க சொல்வாங்க, ப்ரஷர் பாப்பாங்க, சொட்டு மருந்து விட்டு உக்கார வெப்பாங்க, ஓசிடி, சில நாள் மஞ்சள் டை. மஞ்சள் டை போட்ட அன்னைக்கு யூரின் ஆரஞ்சு கலர்ல போகும், எங்க அப்பா மொத தடவை பாத்துட்டு ரத்தம்னு நெனச்சு கத்தி ஊரையே கூட்டிட்டாரு, யாரும் முன்னாடி சொல்லல. வெளிய வர 2 மணி ஆய்டும், சொட்டு மருந்து விட்ட கண்ணுக்கு வெயில் ஆகாது, அன்னைக்கு யாவாரம் அவ்ளோதான். வழிச்செலவு குடுப்பாங்க, அன்னைக்கு போன கூலிய யாரு குடுப்பா? இத முன்னாடியே யோசிச்சுக்கோ. இன்னொண்ணு, எங்களுக்கு கையெழுத்து போட்ட பேப்பரோட காப்பி அவங்க குடுக்கவே இல்ல, நாலு தடவை கேட்டு வாங்கினேன். அத கண்டிப்பா வாங்கிடு.

பெரம்பூர் ஆப்டோ:

அக்கா, நான் ஆப்டோமெட்ரிஸ்ட், பார்வை டெஸ்ட் பண்றவ. 6 வருஷம் ரெட்டினா ஸ்டடிஸ்ல கோஆர்டினேட்டரா இருந்தேன், இந்த பேப்பர்ங்கள பக்கத்துல உக்காந்து படிச்சு காட்டுறதுதான் என் வேலை. எனக்கு தெரிஞ்சத சொல்றேன்.

மொதல்ல நாமினி. அது உங்க ஆஸ்பத்திரி சேத்தது இல்ல. இந்தியால மருந்து ஆராய்ச்சிக்கு 2019ல வந்த சட்ட விதி இருக்கு, அந்த கையெழுத்து பாரத்தோட வடிவமே அதுல இருக்கு. கண்ணுக்கு சொட்டு மருந்து ஸ்டடின்னாலும் நாமினி கேப்பாங்க, இதய ஸ்டடின்னாலும் கேப்பாங்க. ஆராய்ச்சியால உயிருக்கு ஏதாவது ஆச்சுன்னா நஷ்ட ஈடு யார் கிட்ட போகணும்னு முன்னாடியே எழுதி வெக்குறதுதான் அது, வருமானம் தொழில் கேக்குறதும் அந்த பாரத்துலயே இருக்கறதுதான். பயமுறுத்துறதுக்கு இல்லக்கா, உங்க பக்கம் நிக்குற வரி அது. ஆராய்ச்சியால உடம்புக்கு பிரச்சனை வந்தா வைத்தியமும் இலவசமா பாக்கணும்.

எலி கதைய சித்தி கிட்ட இப்படி சொல்லுங்க. எலி, முயல் எல்லாம் முடிஞ்சு, அப்புறம் சின்ன கும்பல்ல மனுஷங்க கிட்ட பாதுகாப்பு பாத்து, அதுக்கு அப்பறம்தான் இந்த மாதிரி பாதிக்கு பாதி ஒப்பிட்டு பாக்குற நிலைக்கு வரும். உங்க பேப்பர்ல எத்தனாவது கட்டம்னு போட்டுருக்கும், 3ன்னு இருந்தா இதான். இங்க எந்த குரூப்ல விழுந்தாலும் அம்மாவுக்கு ஊசி உண்டு, அதத்தான் நான் மொதல்ல பாப்பேன்.

ஏன் சொல்றேன்னா எப்பவும் அப்படி இருந்தது இல்ல. இப்ப நாம சாதாரணமா போடுற ராணிபிசுமாப் ஊசி 2006ல வந்துச்சு. அதுக்கு முன்னாடி வயசானவங்களுக்கு மாக்குலால ரத்தம் கசிஞ்சா போற பார்வைய கொஞ்சம் மெதுவாக்கலாம், அவ்ளோதான். அந்த மருந்துக்கு நடந்த மரினா ஆராய்ச்சில 716 பேர். அதுல 238 பேருக்கு ஊசியே போடல, ஊசி இல்லாத சிரிஞ்ச கண்ணு மேல லேசா அழுத்திட்டு போட்ட மாதிரி அனுப்பிடுவாங்க, பேஷன்டுக்கு தெரியாது. ஒரு வருஷம் முடிஞ்சப்ப மருந்து போட்டவங்க சார்ட்ல சராசரியா 7 எழுத்து கூட படிச்சாங்க, அந்த 238 பேர் சராசரியா 10 எழுத்து இழந்துட்டாங்க. நான் வேலைக்கு சேந்த புதுசுல இந்த கணக்க படிச்சிட்டு ரெண்டு நாள் தூக்கம் வரல. அவங்க இழந்த எழுத்துலதான் உங்க அம்மாவுக்கு இன்னைக்கு ஊசின்னு ஒண்ணு இருக்கு. இப்ப நல்ல மருந்து கைல இருக்குறதால, கசியுற கண்ண சும்மா விட்டு பாக்குற ஸ்டடிய, ஆராய்ச்சி நியாயமான்னு பாத்து அனுமதி குடுக்குற எந்த எத்திக்ஸ் கமிட்டியும் விடாது, விடக்கூடாது.

இன்னும் ஒண்ணு நான் மனசார சொல்றது. பிசிவின்றது கண்ணு நரம்புக்கு பின்னாடி இருக்க கோராய்டு ரத்தக்குழாய்ல திராட்சை மாதிரி சின்ன சின்ன முடிச்சு வீங்கி கசியுறது. இது வெள்ளைக்காரங்கள விட நம்ம ஆசியாக்காரங்களுக்கு ரொம்ப அதிகம். மரினா மாதிரி பெரிய ஆராய்ச்சி எல்லாம் பெரும்பாலும் வெள்ளைக்காரங்க கண்ணுல நடந்தது, அந்த கணக்கு நம்ம கண்ணுக்கு அப்படியே பொருந்தும்னு சொல்ல முடியாது. ஆசியாக்காரங்க 322 பேர வெச்சு எவரெஸ்ட் 2ன்னு ஒரு ஸ்டடி பண்ணாங்க, 2017ல ரிசல்ட் வந்துச்சு. வெறும் ஊசி போட்டவங்கள்ல 100க்கு 35 பேருக்குத்தான் முடிச்சு முழுசா சுருங்குச்சு, ஊசியோட பிடிடின்னு கைல மருந்து ஏத்தி கண்ணுல விடுற லேசரும் சேத்தா 69 பேருக்கு. நம்ம மாதிரி ஆளுங்க அந்த லிஸ்ட்ல இல்லன்னா இது தெரிஞ்சே இருக்காது.

ஆனா நேரம். ஊசி போடாத கண்ணுதான் வேணும்னு கேக்குறது சகஜம், அப்பதான் எது எந்த மருந்தால ஆச்சுன்னு தெரியும். அதுக்காக உங்க அம்மா கண்ணு காத்துக்கினு இருக்காது. டாக்டர் கிட்ட நேரா கேளுங்க, சேந்தா எத்தனாவது நாள் மொத ஊசி, லேட்டானா என்ன பண்ணுவீங்கன்னு. தினமும் காலைல இடது கண்ண மூடிக்கினு வலது கண்ணால தரை டைல்ஸ பாக்க சொல்லுங்க. திடீர்னு கருப்பா மறைச்சா, முன்ன விட மோசமா ஆனா ஸ்டடி கிஸ்டடி எல்லாம் விட்டுட்டு அன்னைக்கே ஓடுங்க.

சேகர் அண்ணா, அந்த காப்பி உங்க உரிமைண்ணா, கேக்காமயே குடுக்கணும். படிக்க வராதவங்கன்னா ஸ்டடிக்கு சம்பந்தம் இல்லாத ஒரு சாட்சி முன்னாடி படிச்சு காட்டணும்.

கொருக்குப்பேட்டை தாஸ்:

எல்லாம் சரி சிஸ்டர், ஆனா நான் ஒத்துக்க மாட்டேன். பெரிய கம்பெனிக்காரன் துட்டு சம்பாதிக்க நம்ம ஏரியா ஜனங்க கண்ணு வேணுமா? இலவசம்னு சொன்னா நம்ம ஆளுங்க கையெழுத்து போட்டுருவாங்கன்னு தெரியும் அவனுக்கு. அப்புறம் ப்ரோலுசிசுமாப்னு ஒரு ஊசி, எல்லா டெஸ்டும் பாஸ் ஆகித்தான வந்துச்சு, வந்து ஆறு மாசத்துக்குள்ள கண்ணு ரத்தக்குழாய் அடைச்சு சில பேருக்கு பார்வை போச்சே. அதுக்கு என்ன சொல்றீங்க. கோவமா கேக்கல, எங்க மாமியாருக்கும் ஊசி போட்டுக்கினு இருக்கோம் அதான் கேக்குறேன்.

பெரம்பூர் ஆப்டோ:

நியாயமான கேள்வி தாஸ் அண்ணா. ப்ரோலுசிசுமாப் விஷயம் உண்மை. ரெண்டு பெரிய ஸ்டடி சேத்து 1800 பேருக்கு மேல, 2019 அக்டோபர்ல அமெரிக்கால அனுமதி வாங்குச்சு, 2020 ஆரம்பத்துலயே ரத்தக்குழாய் அழற்சின்னு டாக்டர்ங்க எச்சரிக்கை விட்டாங்க. அரிதா வர்ற பிரச்சனை ஆயிரம் ரெண்டாயிரம் பேர்ல சரியா கண்ணுக்கு தெரியாம போய்டும், லட்சம் பேருக்கு போடும்போதுதான் வெளிய வரும். அதனால புது மருந்துல ரிஸ்க்கே இல்லன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஸ்டடிக்குள்ள மாசாமாசம் பாப்பாங்க, சின்ன சிவப்பு கூட எழுதணும், அது ஒரு பாதுகாப்பு, அதுக்கு மேல நான் உறுதி குடுக்க மாட்டேன்.

ஆனா எல்லா ஆராய்ச்சியும் கம்பெனிக்காக இல்லண்ணா. பெவாசிசுமாப் தெரியும்ல, உங்க மாமியாருக்கு கூட அதா இருக்கலாம். அது குடல் கேன்சருக்கு வந்த மருந்து, சின்ன சின்ன டோஸா பிரிச்சு கண்ணுக்கு போடுறாங்க, விலை பல மடங்கு கம்மி. விலை ஜாஸ்தி ஊசி மாதிரியே இது வேலை செய்யுதான்னு பாக்க எந்த கம்பெனிக்கு ஆசை வரும்? அமெரிக்க அரசாங்கத்தோட தேசிய கண் நிறுவனம் பணம் போட்டு 1200 பேர வெச்சு கேட்னு ஒரு ஸ்டடி நடத்துச்சு. 2011ல ரிசல்ட், பார்வை விஷயத்துல ரெண்டும் சமம்னு வந்துச்சு. நம்ம பக்கம் எத்தனையோ குடும்பம் தாலிய அடகு வெக்காம வைத்தியம் பாக்குறதுக்கு அந்த ரிசல்ட் தைரியம் குடுத்துச்சு.

அக்கா நீங்க பேப்பர் முதல் பக்கத்துல யாரு பணம் போடுறாங்கன்னு பாருங்க. சிடிஆர்ஐன்னு மருந்து ஆராய்ச்சிங்கள பதியுற அரசாங்க பதிவேடு இருக்கு, அதோட நம்பர் கேளுங்க, 2009லேர்ந்து இந்தியால ஒவ்வொரு மருந்து ஆராய்ச்சியும் ஆள் சேக்கறதுக்கு முன்னாடியே அதுல பதிஞ்சிருக்கணும், நெட்ல நம்பர் போட்டா யாரு வேணா பாக்கலாம்.

எண்ணூர் நைட் ஷிப்ட்:

நடுவுல வர்றேன் மன்னிச்சுக்கோங்க. எனக்கு 38 வயசு, கம்பெனில நைட் ஷிப்ட், போன வருஷம் வலது கண்ணுல நடுவுல ஒரு ரூபா காசு சைஸ்ல மங்கலா வட்டம். சிஎஸ்ஆர்னாங்க, கோராய்டு வீங்கி நரம்புக்கு அடில தண்ணி தேங்குறது. நான் அப்ப முதுகு வலிக்கு கடைல வாங்கி ஒரு மாத்திரை முழுங்கிக்கினு இருந்தேன், அதுல ஸ்டீராய்டு இருந்துருக்கு, டாக்டர் கவர பாத்துட்டு அன்னைக்கே நிறுத்த சொல்லிட்டாரு. யாராவது ஸ்டீராய்டு மாத்திரை, ஊசி, க்ரீம், மூக்கு ஸ்ப்ரே எதுனா எடுத்தீங்கன்னா கண்ணு டாக்டர் கிட்ட மறைக்காதீங்க.

நான் சொல்ல வந்தது வேற. எனக்கு மொதல்ல வேற ஒருத்தர் எப்ளெரினோன்னு ஹார்ட் மாத்திரை எழுதி குடுத்தாரு, நாலு மாசம் சாப்பிட்டேன், காசு போச்சு, தண்ணி அப்படியே இருந்துச்சு. இப்ப பாக்குற டாக்டர்தான் சொன்னாரு, ரொம்ப வருஷமா உலகம் பூரா டாக்டர்ங்க நம்பி குடுத்துக்கினு இருந்த மாத்திரையாம் அது, இங்கிலாந்துல 114 பேர வெச்சு பாதி பேருக்கு அந்த மாத்திரை பாதி பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை குடுத்து பாத்து, 2020ல ரிசல்ட் வந்துச்சாம், வெறும் மாத்திரைக்கும் இதுக்கும் வித்தியாசமே இல்லன்னு. அந்த 114 பேர்ல பாதி பேர் வெறும் மாத்திரைக்கு ஒத்துக்கினதால இன்னைக்கு என்ன மாதிரி ஒருத்தன் தேவை இல்லாம முழுங்க வேண்டாம்.

அப்பால எனக்கு பாதி டோஸ் பிடிடி பண்ணாங்க. கைல ஊசி போட்டு கண்ணுல லேசர் விடுவாங்க, வலியே இல்ல. முடிஞ்சு 5 நாள் வெயில்ல தலை காட்டக்கூடாது, உடம்பே மருந்தா இருக்கும், வெயில் பட்டா கொப்புளம் போட்டுரும். அதுக்காக இருட்டு ரூம்லயும் அடைஞ்சு கெடக்க கூடாதுன்னாங்க, வீட்டு லைட் வெளிச்சம் இருந்தாதான் மருந்து மெல்ல செத்துப்போகுமாம். அக்கா உங்க அம்மாவுக்கு பிடிடியும் சொன்னாங்கன்னா அந்த 5 நாள் மனசுல வெச்சுக்கோங்க, வெயில்ல கூடை தூக்கறவங்க.

காசிமேட்டு பொண்ணு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. 11 நாள் கழிச்சு எழுதுறேன், நடந்தத சொல்றேன்.

இங்க வந்த பதில் எல்லாத்தையும் அன்னைக்கு ராத்திரி அம்மாவுக்கு படிச்சு காட்டுனேன். அந்த 238 பேர் கதைய மட்டும் ரெண்டு தடவை படிக்க சொன்னாங்க. அப்புறம் எழுந்து போய் சோறு போட்டு சாப்புட்டாங்க, நான் சேர்றேன்னு சொன்னாங்க, சித்தி கிட்டயும் அவங்களே பேசிக்கினாங்க.

திங்கள்கிழமை போனோம். பேப்பர்ல 3வது கட்டம்னுதான் இருந்துச்சு, சிடிஆர்ஐ நம்பர் கேட்டேன், அந்த மேடம் சிரிச்சிக்கினே எழுதி குடுத்தாங்க. ஒரு மணி நேரம் உக்காந்து படிச்சு காட்டுனாங்க, வீடியோ எடுத்தாங்க, அம்மா கையெழுத்து போட்டாங்க, காப்பி என் பைல இருக்கு. ஆனா பிபி பாத்தா 190. மாத்திரை குடுத்து வெள்ளிக்கிழமை வாங்கன்னாங்க.

புதன்கிழமை காலைல டைல்ஸ பாக்குறப்ப அம்மா கத்தினாங்க, நடுவுல புகை மாதிரி கருப்பா இருக்குன்னு. ஆப்டோ தங்கச்சி சொன்னது ஞாபகம் வந்து அப்படியே ஆட்டோ புடிச்சு போய்ட்டோம். புதுசா ரத்தம் கசிஞ்சிருந்துச்சு. ஸ்டடி சார்ட் படிக்க வெச்சாங்க, அம்மாவுக்கு இங்கிலீஷ் வராதுன்னு ஈ சார்ட், முள்ளு எந்த பக்கம் இருக்குன்னு கைய காட்டணும். 4 மீட்டர்ல கைய தூக்கிட்டு தூக்கிட்டு எறக்குனாங்க, ஒண்ணு ரெண்டுதான் சரியா வந்துச்சு. அப்புறம் 1 மீட்டர் கிட்ட கூட்டினு வந்து திரும்ப. கூட்டி பாத்தா 21. அந்த ஸ்டடிக்கு 24 வேணுமாம். மூணு எழுத்து. ஸ்க்ரீன் ஃபெயில்னு எழுதிட்டாங்க, அதாவது ஸ்டடில சேர முடியாதுன்னு.

அன்னைக்கு மதியமே சாதா ஊசி போட்டுட்டாங்க, இங்கயே தயாராகுற ராணிபிசுமாப், வெளிநாட்டு ஊசிய விட விலை கம்மின்னாங்க. கடன் வாங்கித்தான் கட்டினேன். திங்கள்கிழமையே போட்டுருந்தா அந்த கசிவு வந்துருக்காதோன்னு நினைச்சு நினைச்சு அழுதேன், டாக்டர் கிட்டயே கேட்டுட்டேன். அவர் மழுப்பல, ஊசி போட்டு ரெண்டு நாள்ல கூட சில பேருக்கு கசியும், உறுதியா எதுவும் சொல்ல முடியாது, ஆனா நீங்க அன்னைக்கே வந்தது நல்லதுன்னு சொன்னாரு.

வெளிய வர்றப்ப அந்த மேடம் வந்து, அம்மாவோட ஓசிடி, ஐசிஜி படத்த பேரு இல்லாம ஆஸ்பத்திரி பதிவுல பின்னாடி படிக்கிறதுக்கு வெச்சுக்கலாமான்னு கேட்டாங்க. அம்மா எங்க போடணும்னு கேட்டு கண்ணுல கட்டோட கையெழுத்து போட்டாங்க.

நேத்து தராசுல வெச்சு பாத்தோம். 450ல நடுவுல ஏதோ இருக்குன்னு தெரியுது, என்ன நம்பர்னு தெரியல. ரெண்டாவது ஊசி 4 வாரத்துல. அது வரைக்கும் பேத்திதான் எடை பாத்து சொல்றா. ஒரே ஒரு கேள்வி, அம்மா ஏலத்துக்கு போகணும்னு அடம் புடிக்கிறாங்க, ஊசி போட்டு இத்தன நாள் ஆச்சு, போலாமா?

பெரம்பூர் ஆப்டோ:

அக்கா, அன்னைக்கே ஓடினீங்க பாருங்க, அதுக்கே உங்கள கும்பிடணும். ஊசி போட்டு ஒரு வாரம் தாண்டிடுச்சுன்னா, டாக்டரும் சரின்னா போலாம். ஆனா அடுத்த ஊசிக்கு அப்புறம் மொத சில நாள் வேண்டாம், ஐஸ் தண்ணி, மீன் தண்ணி கண்ணுல தெறிக்கவே கூடாது, மீன் கையால கண்ண தொடக்கூடாது, அவங்களுக்கு பழக்கத்துல கை போய்டும், பேத்திய பாத்துக்க சொல்லுங்க. ஊசி போட்ட கண்ணு அடுத்தடுத்த நாள்ல வலி ஜாஸ்தி ஆனா, சிவந்தா, பார்வை இன்னும் மங்குனா அது கிருமியா இருக்கலாம், ராத்திரி ஆனாலும் எமர்ஜென்சிக்கு போய்டுங்க. பக்கத்துல எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரி இருக்கு, 1819ல ஆரம்பிச்சது. மெட்ரோல வந்தீங்கன்னா சென்ட்ரல்ல மாறணும். பிபி மாத்திரைய நிறுத்திடாதீங்க.

இடது கண்ணு புரைய எப்ப எடுக்கலாம்னு இந்த வாட்டி போறப்ப கேளுங்க, மறக்காம.

காசிமேட்டு பொண்ணு:

எழுதி வெச்சுக்கினேன் தங்கச்சி. கேட்டுட்டு வந்து இங்கயே போடுறேன்.